பரங்கிப்பேட்டை ஆலையைச் சாய்த்தது விறகு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழில் பரங்கிப்பேட்டை இரும்பாலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830இல் உலை வைத்த ஜோசையா மார்ஷல் ஹீத் நொடித்துப்போன கதை சுவையாகவே வந்திருக்கிறது. ஆனால் ஆலை மூடப்பட்டதற்குப் பணத்தட்டுப்பாடு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர்.

பணம் ஒருமுறையா கிடைத்தது? சென்னை அரசு கடன் கொடுத்தது. 1833இல் ஆலையை நடத்தத் தனிக் கம்பெனி அமைந்தது. அதுவும் தள்ளாடியபோது, 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்று புதுப்பெயரில் புது முதல் போட்டார்கள். தாதுக்கும் பஞ்சமில்லை; சேலத்துக் கஞ்சமலைப் பக்கம் கொட்டிக் கிடந்ததைக் காவிரி, கொள்ளிடம் வழியே பரிசல்களில் இறக்கிக் கடலோரம் சேர்த்தார்கள். விறகுதான் கட்டுப்படியாகவில்லை.

இங்கிலாந்து உலைகள் அப்போதே நிலக்கரியைச் சுட்டெடுக்கும் கோக் கரிக்கு மாறிவிட்டன. இங்கே மரக்கரிதான். மரக்கரியில் உருக்கினால் இரும்பில் கந்தகம் ஏறாது. எஃகு செய்ய வாகான சரக்கு. கப்பலேறிப் போன அந்த இரும்பு, வேல்ஸில் மெனாய் நீரிணையின் பிரிட்டானியா பாலம் வரை சேர்ந்தது. (இன்று அங்கே போய்த் தேடிப் பயனில்லை. 1970 தீ விபத்துக்குப் பிறகு ரயில் உள்ளே புகுந்து ஓடிய பழைய இரும்புக் குழாய்களைக் கழற்றிவிட்டார்கள். பார்வைக்கென்று ஒரு துண்டு மட்டும் பக்கத்தில் நிற்கிறது.) பெயர் வாங்கித் தந்த அதே கரிதான் சுற்றுவட்டாரக் காட்டையும் தின்றது. காடு தள்ளிப் போகப் போக வண்டிக்கூலி ஏறியது. மலபார் கரையின் பேப்பூரிலும் திருவண்ணாமலைப் பக்கமும் உலை வைத்துப் பார்த்தார்கள், அங்கேயும் நிலைக்கவில்லை. 1874இல் இரும்புக் கம்பெனியைக் கலைத்தார்கள்.

இன்னொன்று. எஃகு செய்கையில் மாங்கனீசு சேர்க்கும் ஹீத்தின் முறைக்கான காப்புரிமை வழக்குக்கு அரைப்பக்கம் ஒதுக்கியவர், அவருக்கு முன்பே சேலத்தில் எஃகு வடித்தவர்களுக்கு ஒரு பத்தியாவது தந்திருக்கலாம். தேனிரும்புத் துண்டோடு காய்ந்த ஆவாரங்கட்டையை மண்மூசைக்குள் (உருக்கும் மண்குப்பிக்குள்) வைத்து, மேலே பச்சை எருக்கிலையை மூடி, வாயைக் களிமண்ணால் பூசித் துருத்தி ஊதிய அவர்கள் கைப்பக்குவத்தை ஹீத்தே வியந்து எழுதி வைத்திருக்கிறார். பெரிய உலைக்காரர் தோற்ற விறகில் அந்தச் சின்ன உலைகள் தலைமுறை தலைமுறையாக எப்படி ஓடின என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி. சேலம் வட்டாரத்தில் அவர்கள் விட்டுப்போன இரும்புச் சிட்டம், அதாவது உருக்கியபின் மிஞ்சிய கழிவு, இன்னும் கிடக்கிறது. அடுத்த கட்டுரைக்கு உங்கள் நிருபரை அந்தப் பக்கம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஓமலூர்