பிட்ஸ்பர்க்கிலிருந்து பெரியப்பாவுக்கு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் நலம். பெரியம்மாவின் முட்டிவலி தேவலையா? இங்கே மார்ச் பிறந்தும் பனி விட்டபாடில்லை. காலையில் காரைத் தோண்டி எடுத்துத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன்.

ஆபீசில் இப்போதே பேஸ்பால் பேச்சு ஆரம்பித்துவிட்டது. எனக்கு அந்த ஆட்டம் பிடிபடவில்லை என்றதும் பக்கத்து வீட்டுத் தாத்தா சில பழைய படங்களின் டிவிடியைக் கொடுத்தார். ஜோ ஈ. பிரவுன் என்று ஒரு நகைச்சுவை நடிகர். சிரித்தால் வாய் காதுவரை போகும். 1932, 1933, 1935 என்று மூன்று பேஸ்பால் படங்களில் நடித்திருக்கிறார்.

எனக்குப் பிடித்தது கடைசிப் படம், 'அலிபை ஐக்'. எதற்கெடுத்தாலும் சாக்குச் சொல்கிற பந்துவீச்சாளர். நன்றாக ஆடிவிட்டாலும் அதற்கும் ஒரு சாக்கு! எறியும் முன் கையைச் சுற்று சுற்றென்று சுற்றுவார் பாருங்கள், உங்கள் சந்திரபாபு தோற்றார். பத்து வயதிலேயே சர்க்கஸில் சேர்ந்து வித்தை காட்டியவராம், பேஸ்பாலும் நிஜமாகவே ஆடத் தெரியும். அதனால் ஒப்பேற்றுகிற வேலையே இல்லை. ஆடத் தெரிந்தவன் கோணங்கித்தனம் பண்ணும்போது வருகிற சிரிப்பே தனி. கதாநாயகி ஒலிவியா டி ஹாவிலண்டுக்கு அப்போது 18 வயதுதான்.

இந்த மாதிரிப் படங்கள் அந்தக் காலத்தில் அதிகம் வரவில்லை. பேசும்படம் வந்த புதிதில் கேமராவின் இரைச்சல் மைக்கில் விழாமலிருக்க அதைக் கூண்டுக்குள் அடைத்து வைப்பார்கள். நடிகர்கள் மைக்கைவிட்டு நகர முடியாது. அப்படி இருக்கையில் ஓடிப் பிடிக்கிற ஆட்டத்தை எங்கே எடுப்பது? அந்தத் தொல்லை தீர்ந்த பிறகும், பேஸ்பால் தெரியாத நாடுகளில் படம் போணியாகாதே என்ற கவலை. அதோடு, படம் எடுத்தது நைட்ரேட் என்ற வகைப் பிலிம் சுருளில். தீப்பிடிக்கும், இல்லாவிட்டால் நாளடைவில் தானே மக்கிப் பொடியாகும். நம் முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லையே என்று நீங்கள் அங்கலாய்ப்பீர்களே, அந்தக் கதை இங்கேயும் உண்டு. இந்த மூன்றும் தப்பிப் பிழைத்தவை.

தாத்தாவுக்கு இதில் தனிப் பெருமை. பிரவுனின் மகன் ஜோ எல். பிரவுன்தான் இந்த ஊர் பேஸ்பால் அணியான பைரட்ஸுக்கு 1955 முதல் 1976 வரை பொது மேலாளர். 1960இலும் 1971இலும் கோப்பை வந்தது அவர் காலத்தில்தான். அப்பாவைவிட மகன்தான் பெரிய ஆள் என்று தாத்தா அடித்துச் சொல்கிறார். நான் அப்பா கட்சி.

சரி, விசா வந்ததும் கிளம்பி வாருங்கள். ஆனால் மே மாதத்துக்கு முன்னால் வேண்டாம், உங்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. பெரியம்மாவின் மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
குமார்