சம்பந்தி விருந்துக்கு உகாலி

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. மொம்பாசாக் கடற்கரைப் புழுக்கத்துக்குப் பழகிய உடம்பு, எல்டோரெட் குளிரில் நடுங்கத்தான் செய்யும். ஒரு மழைக்காலம் போனால் சரியாகிவிடும். இங்கே நைரோபியிலும் மழை பிடித்துக்கொண்டது. சந்தையில் கீரை கட்டுக்கட்டாக மலிந்து கிடக்கிறது.

மருமகள் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார்கள், சாம்பார் ரசம் வேண்டாம், அவர்கள் சாப்பாட்டையே என் கையால் சமைத்துப் போடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். செய், நல்ல காரியம். ஆனால் நீ எழுதி அனுப்பிய பட்டியலைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது: கடுகு டப்பாவை அன்றைக்கு மட்டும் பரண்மேல் ஏற்றிவிடு. கீரைக்கு வரமிளகாய், பெருங்காயம், கடைசியில் தேங்காய்ப்பூ என்றால் அது நம் பொரியல். உன் மருமகளின் கலெஞ்சின் இனத்தார் வீட்டுச் சமையலுக்கு ருசி வருவது மாவு வேகும் பதத்திலும், கீரை பாலில் கிடக்கும் நேரத்திலும், பால் புளிக்கும் விதத்திலும்தான். மொம்பாசாவில் பிலாவுக்குச் சீரகமும் ஏலமும் கிராம்பும் போட்டுப் பழகிய கை அது. இங்கே அடக்கி வாசிக்க வேண்டும்.

முதலில் உகாலி, அதாவது மக்காச்சோளக் களி. ஆறு பேருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், சுமார் 900 கிராம் வெள்ளை மக்காச்சோள மாவு. நூறு கிராம் மாவைத் தனியாக எடுத்து வைத்துக்கொள், கடைசியில் பதம் பார்த்துச் சேர்க்க உதவும். கடையில் இரண்டு கிலோ பாக்கெட்டில் ‘உங்கா’ என்று வரும் மாவே போதும். ‘கார்ன்ஃப்ளார்’ என்று சின்ன டப்பாவில் விற்கும் வழவழப்பான மாவு வெறும் ஸ்டார்ச், அதில் களி கிண்டினால் பசைதான் வரும். போஷோ மில்லில், அதாவது ஊர் மாவு மில்லில், முழுத் தானியமாக அரைத்த மாவு வாசனையில் மேல். ஆனால் அதில் முளையின் எண்ணெய் அப்படியே இருப்பதால் சில வாரங்களில் காறல் அடிக்கும். அரைத்த உடனே தீர்த்துவிட வேண்டும்.

அடி கனமான சுஃபுரியாப் பாத்திரத்தை எடு. அதற்குக் கைப்பிடி கிடையாது, கிண்டும்போது பிடித்துக்கொள்ளத் துணி வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். ஓரத்தில் குமிழி விட்டால் போதாது. முதலில் இரண்டு கைப்பிடி மாவைத் தூவிக் கஞ்சிபோல் இரண்டு நிமிஷம் கொதிக்கவிடு. பிறகு மிச்ச மாவை மூன்று நான்கு தவணையாகப் போட்டு, ம்விக்கோ என்னும் மரத்துடுப்பால் அழுத்து. கிண்டுவதைவிட அழுத்துவதுதான் முக்கியம். பாத்திரத்தின் சுவரில் மாவை நசுக்கி, திருப்பி, மறுபடி நசுக்க வேண்டும். மாவை ஒரே மூச்சில் கொட்டினாலோ, தண்ணீர் கொதி அடங்கியிருந்தாலோ கட்டி தட்டும். கட்டியின் வெளிப்பக்கம் வெந்து மூடிக்கொள்வதால் உள்ளே உலர்ந்த மாவு அப்படியே நிற்கும். பிட்டால் வெள்ளைப் பொடி தெரியும். சம்பந்தியம்மாள் வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார், ஆனால் பார்ப்பார்.

இறுகியதும் தீயைக் குறைத்து, ஓரங்களைச் சேர்த்து உருட்டி, மூடி வைத்து ஐந்து நிமிஷம் விடு. புரட்டிப்போட்டு இன்னொரு ஐந்து நிமிஷம். பச்சை மாவு வாசம் போய், சுட்ட சோளக் கதிரின் வாசனை எழும்ப வேண்டும், அதுதான் கணக்கு. எல்டோரெட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மொம்பாசாக் கணக்கைவிட நாலைந்து நிமிஷம் கூடுதலாக வை. இளகலாகத் தெரிந்து மாவு சேர்த்தால், சேர்த்த பிறகு திரும்பவும் மூடி வேகவிட வேண்டும். உடனே இறக்கினால் நாக்கில் பச்சை மாவு நிற்கும். உப்பு போடாதே. தட்டில் கவிழ்த்தபின் அடியில் ஒட்டியிருக்கும் தீசலுக்கு உகோகோ என்று பெயர். அதைச் சுரண்டி ஊறப்போட்டுவிடாதே, குழந்தைகள் அதற்காகச் சண்டை போடுவார்கள்.

பெரியவர்கள் வருவதால் விம்பியும் கொஞ்சம் கலக்கலாம். விம்பி வேறொன்றுமில்லை, நம் கேழ்வரகு. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பயிராகி, ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடல் தாண்டி இந்தியா வந்த தானியம். மக்காச்சோளம் போர்த்துகீசியர் வந்த பிறகுதான் இங்கே வந்தது. அதற்கு முன் இங்கே களி என்றால் கேழ்வரகும் நாட்டுச் சோளமும்தான். இரண்டு பங்கு மக்காச்சோள மாவுக்கு ஒரு பங்கு விம்பி போதும். தனிக் கேழ்வரகு ஒட்டிக்கொண்டு இளகலாக வரும். மேற்கே அதைப் பிடிக்க வைக்க மரவள்ளி மாவு சேர்ப்பார்கள். களி கிண்டிய கை உனக்கு இருக்கிறது, இது தானாக வந்துவிடும்.

அடுத்தது கீரை. நீ முட்டைக்கோஸ் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். சாகா வாங்கு, அல்லது மனாகு. சாகா நம் ஊர் நல்வேளைக் கீரை. அங்கே வரப்போரத்தில் யாரும் சீந்தாமல் நிற்கும். மனாகு மணத்தக்காளியின் உறவு. தெரேரே தண்டுக்கீரை வகை, குண்டே தட்டைப்பயற்றின் இலை. இதையெல்லாம் களை என்றும் இல்லாதவர்கள் சாப்பாடு என்றும் இங்கேயும் ஒதுக்கி வைத்த காலம் உண்டு. உன் சம்பந்தியம்மாள் வயதுக்காரர்களுக்கு அது நன்றாகவே தெரியும். பிறகு கென்யா தேசிய அருங்காட்சியகத்தாரும் ஆய்வாளர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து 2007 முதல் இந்தப் பாரம்பரிய உணவுகளைப் பதிவு செய்து, பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த முயற்சியை 2021-இல் யுனெஸ்கோ நல்ல பாதுகாப்பு நடைமுறைகளின் பதிவேட்டில் சேர்த்தது. ஆக, கோஸுக்குப் பதில் சாகா பரிமாறினால், உங்கள் வீட்டுச் சாப்பாடு எது என்று எனக்குத் தெரியும் என்று நீ வாய் திறக்காமலே சொன்ன மாதிரி.

சாகா கசக்கும். அதற்காகத்தான் பால். இதைச் சனிக்கிழமையே தொடங்கிவிடு. ஆறு பேருக்கு இரண்டு கிலோ கட்டு வாங்கினால், தண்டு கழித்து ஏறக்குறைய பாதிதான் தேறும். இலையையும் பிஞ்சு நுனியையும் மட்டும் கிள்ளு. மூன்று தண்ணீரில் அலசு, மழைக்காலத்தில் மண் அதிகம். அரை லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு இருபது நிமிஷம் வேகவை. தண்ணீர் மிஞ்சியிருந்தால் பாதியை இறுத்துவிடு. முழுவதும் இறுத்தால் சத்தும் போகும், மணமும் போகும். அரை லிட்டர் புதுப் பால் ஊற்றி, மெல்லிய தீயில் பால் சுண்டும் வரை விட்டு, ஆறவைத்து, மூடி ஃப்ரிட்ஜில் வை. கீரையின் துவர்ப்பைப் பாலின் புரதம் பற்றிக்கொள்ளும். ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தால் கசப்பு மட்டுப்படும். அந்தக் காலத்தில் மண்சட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாள் கூடச் சுண்டச்சுண்டப் பால் சேர்ப்பார்கள்.

ஞாயிறு காலை இரண்டு ஸ்பூன் எண்ணெயில் ஒரு வெங்காயம் வதக்கி, தக்காளி போடுவதானால் ஒன்றே ஒன்று, அது முழுக்கக் குழைந்து எண்ணெய் பிரிந்த பிறகு கீரையைச் சேர். தக்காளி பச்சையாக இருக்கும்போது பாலாடை போனால் புளிப்பில் திரிந்து தயிர்க்கட்டியாக மிதக்கும். நூறு மில்லி க்ரீம் விட்டுப் பத்து நிமிஷம், அவ்வளவுதான். மனாகு கிடைத்தால் இதே முறைதான், ஆனால் பச்சைக் காய்களை ஒன்று விடாமல் கிள்ளி எறி. நாம் மணத்தக்காளி வற்றல் போடுகிறவர்கள், காயைப் பார்த்தால் கை சும்மா இராது. இதில் சேர்த்தால் கசப்பு ஏறிவிடும்.

சுகுமா விக்கிக் கீரையும் கொஞ்சம் இருக்கட்டும், இளவட்டங்கள் தேடும். மாமா ம்போகா, அதாவது காய்கறிக்காரம்மா, கடையிலேயே நூல் நூலாக அரிந்து கொடுப்பார்கள், பார்க்க அழகு. ஆனால் அரிந்தபின் கழுவ முடியாது, கழுவினால் சாறு போகும். முழு இலையாக வாங்கிக் கழுவி, ஈரம் வடித்து, நீயே சுருட்டி அரிந்துகொள். வெங்காயம், தக்காளி வதங்கியதும் போட்டு மூடாமல் நாலைந்து நிமிஷம் வதக்கு. மூடினால் நிறம் செத்துப்போகும்.

கோழிக்குக் குகு கியென்யெஜி, நாட்டுக்கோழி. இதிலும் அவசரம் கூடாது. துண்டு போட்டு, உப்பும் தட்டிய இஞ்சியும் சேர்த்து, மூழ்கத் தண்ணீர் விட்டு ஒன்றரை மணி நேரம் மெல்ல வேகவிடு. கிழட்டுக் கோழியானால் இரண்டு மணி ஆகும். குக்கரில் அரை மணியில் முடியும்தான், ஆனால் கறி எலும்பைவிட்டு நழுவி நாராகும். வெந்த துண்டுகளைக் கொஞ்சம் எண்ணெயில் பொன்னிறமாகப் புரட்டி, இரண்டு வெங்காயம், மூன்று தக்காளி, வேகவைத்த தண்ணீரில் இரண்டு டம்ளர், கடைசியில் தனியா இலை. கறிமசாலா அரை ஸ்பூன் போட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள், அதற்குமேல் வேண்டாம். லூயா இனத்தார் வீட்டுச் சம்பந்தம் என்றால் இரைப்பையை வீட்டுப் பெரிய ஆணின் தட்டில் வைக்காமல் விட்டால் வம்பு வரும். கலெஞ்சின் வீட்டில் என்ன முறை என்று மருமகளிடமே கேட்டுக்கொள். (நம் ஊரில் ஈரலுக்கு நடக்கும் அரசியலை நினைத்துக்கொண்டேன்.)

முர்சிக் என்னும் புளித்த பாலை வீட்டில் முயலாதே. சுரைக்குடுக்கையை நன்றாகக் காயவைத்து, செனெத்வெத் என்ற செடியின் குச்சியைச் சுட்ட கரியால் உட்புறம் தேய்த்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி மூடி, நாள்கணக்கில் புளிக்க வைப்பது அது. குடுக்கையில் ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், பால் சூடாக இருந்தால் கெட்டுப்போகும். எந்தக் குடுக்கைக்கு எத்தனை நாள் என்பது அவர்கள் கைக்குத்தான் தெரியும். ஜெயித்து வரும் ஓட்டக்காரர்களுக்கு எல்டோரெட்டில் முர்சிக் கொடுத்துத்தான் வரவேற்பார்கள். நல்லதாகத் தெரிந்தவர்களிடம் வாங்கிக் குளிரவைத்து வை. சம்பந்தியம்மாள் தன் கையால் செய்ததைக் கொண்டுவந்தால் இன்னும் விசேஷம், வாங்கியதை வெளியே எடுக்காதே.

மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைக்கும் கிதேரி கேட்டிருந்தாய். ஹாஸ்டலில் தின்று தின்று சலித்ததாகச் சொல்லும் பெண்கள்தான் கல்யாணமானபின் அதற்கு ஏங்குகிறார்கள். உன் பீன்ஸ் வேகாததற்கு உயரம் ஒரு காரணம், தக்காளியை முதலிலேயே போட்டது இன்னொன்று. புளிப்பு சேர்ந்தால் பருப்பின் தோல் இறுகிவிடும். இரண்டு பங்கு மக்காச்சோளம், ஒரு பங்கு பீன்ஸ், இரண்டையும் தனித்தனியாக ராத்திரி ஊறவை. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பீன்ஸை மட்டும் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரையும் கொட்டு. சிவப்பு பீன்ஸை அரைவேக்காட்டில் தின்றால் வயிறு கெடும். குக்கரில் சோளத்தை முதலில் அரை மணி நேரம், பிறகு பீன்ஸ் சேர்த்து இன்னொரு அரை மணி. உப்பு, வெங்காயம், தக்காளி எல்லாம் மெத்தென்று ஆனபிறகுதான்.

மக்காச்சோளம் வாங்கும்போது பல்லில் வைத்துக் கடித்துப் பார். டக்கென்று உடைய வேண்டும். நிறம் மாறியது, பச்சையாகப் பூத்தது, சொத்தை எதுவும் வேண்டாம். 2004-இல் மக்குவேனி, கிடுயி பக்கம் ஈரத்தில் சேமித்த மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை விஷம் ஏறி, அதைத் தின்ற 125 பேர் செத்துப்போனார்கள். அந்த விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது.

சாப்பிடும் முன் குவளையும் பேசினும் வெந்நீரும் தயாராக இருக்கட்டும். வீட்டு இளையவர்கள் யாராவது ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். கரண்டி வைக்காதே. கையால் தின்கிறவர்கள் இரு வீட்டாரும், அதில் உனக்குக் கவலையில்லை. சாயா பால் தூக்கலாக, சர்க்கரை தாராளமாக. நீ போடும் இஞ்சி ஏலக்காய்த் தேநீரும் செல்லும், மசாலா சாயா இங்கே யாருக்கும் புதிதல்ல.

ஞாயிறு முடிந்ததும் எழுது. அடுத்த முறை பஸ்ஸில் யாராவது நைரோபி வந்தால் இரண்டு கிலோ விம்பி கொடுத்தனுப்பு, உலர்த்திய குண்டே இலையும் கிடைத்தால் ஒரு பொட்டலம். இங்கே விற்கும் விம்பியில் மண் அதிகம்.

அன்புடன்,
வசந்தா