காட்டில் துளையிடும் முன் ஒரு வேண்டுகோள்

ஒன்றியச் சுரங்க அமைச்சகத்துக்கும் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்கும் வணக்கம்.

காப்புக்காடுகளுக்கு அடியில் என்ன கனிமம் இருக்கிறது என்று நாடு தெரிந்துகொள்வதில் எனக்கு மறுப்பில்லை. தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். எந்த இடத்தில் அந்த மதிப்பீடு காட்டையே தொந்தரவு செய்யத் தொடங்குகிறது என்பதுதான் என் கவலை.

விமானத்திலிருந்து காந்தப்புலத்தை அளப்பது, ஓடை மணலை எடுத்துச் சோதிப்பது போன்ற, கனிமத் தேடலின் முதல் கட்டமான ஜி4 வேலைகளால் பெரிய கேடில்லை. ஜி3, ஜி2 என்று போகப்போகத் துளையிடும் எந்திரம் வந்துவிடும். அது வர பாதை வேண்டும், துளையிடத் தண்ணீர் வேண்டும், சேற்றுக் கழிவுக்குக் குழி வேண்டும். கடைசியான ஜி1 கட்டத்தில் துளைகள் இன்னும் நெருங்கிவிடும். 2023-இல் திருத்தப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒன்றிய அரசின் நிபந்தனைகளுக்கு உட்பட்டால் இத்தகைய ஆய்வைக் 'காடு சாராத பயன்பாடு' (அதாவது, ஒன்றிய அரசின் முன் அனுமதி தேவைப்படும் பயன்பாடு) என்று கருதத் தேவையில்லை. சரி, அப்படியென்றால் அந்த நிபந்தனைகளில் கிராமசபைக்கு இடம் கொடுங்கள்.

ஒடிசாவின் நியம்கிரியை எடுத்துக்கொள்ளுங்கள். மலையுச்சியில் படிந்திருக்கும் பாக்சைட் என்ற அலுமினியத் தாது அடுக்கு மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து ஓடைகளுக்கு விடுகிறது. டன் கணக்கில் நீங்கள் எழுதும் தாதுவும், அடிவாரத்து ஊர்கள் குடிக்கும் நீரைத் தேக்கி வைப்பதும் ஒன்றேதான். தாதுவின் அளவும் தரமும் மட்டும் எழுதிய அறிக்கையில் இது எங்கே தெரியும்? அங்கே சுரங்கம் தோண்டலாமா என்று மக்களைக் கேட்கச் சொல்லி 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் 12 கிராமசபைகள் கூடின. பன்னிரண்டுமே சுரங்கம் வேண்டாம் என்றன.

நம்மூர் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்த நிலத்தையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் கனிமச் சுரங்கத் தொகுதி 2024-இல் ஏலம் போனது. மக்கள் வீதிக்கு வந்து போராடினார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. முதலிலேயே கேட்டிருந்தால் அந்தப் பதற்றம் யாருக்கும் வந்திருக்காது.

அதனால் கேட்கிறேன். ஜி4 முடிந்ததும் நிறுத்துங்கள். அந்த அறிக்கையிலேயே ஊற்றுகள், ஓடைகள், விலங்குகளின் வழித்தடங்கள், 2006 வன உரிமைச் சட்டப்படியான உரிமைகள் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம் அதை அந்த ஊர் மக்களின் மொழியில் கிராமசபை முன் வையுங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் துளையிடுங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு துளையையும் அடைத்துவிட்டுப் போங்கள். மறுத்தால், அந்த நிலத்தை ஏலப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
காட்டோரத்தில் வாழும் ஒரு குடிமகன்