அது அகழி அல்ல, ஆட்டுக் குட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் பிரான்சின் லார்ஸாக் பீடபூமியில் உள்ள லா கூவெர்த்துவராட் கிராமத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக்கட்டுரையை ஆவலுடன் படித்தேன். மூன்று வருடங்களுக்கு முன் அங்கே அரைநாள் சுற்றியவன் என்பதால் இரண்டு விஷயங்களைச் சொல்லத் தோன்றுகிறது.

'டெம்ப்ளர் வீரத்துறவிகள் எழுப்பிய மதில்' என்று கட்டுரையில் திரும்பத் திரும்ப வருகிறது. பாறைமேல் நிற்கும் சிறு கோட்டைதான் அவர்களுடையது. சிலுவைப்போர்க் காலத்துக் கிறித்தவப் போர்த்துறவிச் சபையினர், 12ஆம் நூற்றாண்டில் அங்கே வந்தவர்கள். 1307 அக்டோபர் 13 அன்று பிரான்ஸ் மன்னன் நான்காம் பிலிப் அவர்களைக் கூண்டோடு பிடித்தான். 1312இல் போப் ஐந்தாம் கிளெமென்ட் அந்தச் சபையையே கலைத்துவிட்டார். சொத்தெல்லாம் அதேபோன்ற இன்னொரு போர்த்துறவிச் சபையான ஹாஸ்பிட்டலர்களுக்குப் போனது. ஊரை வளைத்து மதில் கட்டியது இந்த ஹாஸ்பிட்டலர்கள்தான், அதுவும் 15ஆம் நூற்றாண்டில். பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய நூறாண்டுப் போரில் சம்பளம் நின்றுபோன கூலிப்படைகள் ஊர் ஊராகக் கொள்ளையடித்துத் திரிந்த காலம். வெள்ளை அங்கியும் சிவப்புச் சிலுவையுமாக டெம்ப்ளர்களின் புகழ் கொடிகட்டிப் பறக்கிறது. கல் சுமந்தவர்களைக் கேட்பாரில்லை!

இன்னொன்று, ஐந்தாவது படத்தின் கீழ் 'கோட்டை அகழி' என்று போட்டிருக்கிறீர்கள். மதிலுக்கு வெளியே கல் பாவிய அந்தக் குட்டைக்கு உள்ளூரில் 'லவோஞ்' என்று பெயர். செம்மறி ஆடுகள் தண்ணீர் குடிக்க வெட்டியது. லார்ஸாக் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை வெடிப்புகளில் இறங்கிப் பாதாளத்துக்குப் போய்விடும். மேலே ஓர் ஓடைகூடத் தங்காது. அதனால்தான் மனிதர்களுக்குக் கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் தொட்டி, ஆட்டுக்குக் களிமண் மெழுகிக் கல் அடுக்கிய குட்டை. அங்குள்ள பழைய வீடுகளின் வெளிப்புறத்தில் கல் படிக்கட்டு இருப்பதற்கும் ஆடுதான் காரணம்: கீழ்த்தளம் அவற்றுக்கு, மாடி மனிதர்களுக்கு. ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்குப் பால் கொடுக்கும் ஆடுகள் இன்றும் அந்தப் பீடபூமியில்தான் மேய்கின்றன. 1971இல் ராணுவ முகாமை விரிவாக்க நிலம் கேட்டபோது பத்து வருடம் போராடி, 1981இல் அதை ரத்து செய்ய வைத்தவர்களும் இந்த ஆட்டுக்காரர்கள்தான். கட்டுரையில் ஆடு ஒரே ஒரு வரியில், அதுவும் சாப்பாட்டுப் பகுதியில் வருகிறது.

வீட்டுக் கதவுகளில் அறைந்திருக்கும் காய்ந்த முட்பூவின் படம் மட்டும் மிக அருமை. ஈரக்காற்று வந்தால் அது மூடிக்கொள்ளும், மழை வருமென்று பார்த்துக்கொள்வார்கள்.

குடிக்கவே மழையை எண்ணிச் சேர்த்த ஊரில் அகழிக்குத் தண்ணீர் ஏது? படக்குறிப்பை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுச்சேரி