செல்விக்கு, இங்க்ஸ்கேப் கற்பது பற்றி

அன்புள்ள செல்வி,

ஜூரோங் வெஸ்ட் வீட்டுக்கு மாறியாச்சு, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. ஈசூனில் எல்லாரும் சுகம். சின்னவன் தேசிய சேவையில் இருக்கிறான், வார இறுதியில் வந்து தூங்குவதோடு சரி.

தீபாவளி அட்டைக்குக் கோலம் வரைய இங்க்ஸ்கேப் என்ற கணினி வரைதல் மென்பொருளைக் கற்க வேண்டும், வீடியோ பார்க்கவா, எழுதியதைப் படிக்கவா என்று கேட்டிருந்தாய். பேனாக் கருவியை மட்டும் வீடியோவில்தான் பார்க்கணும். சொடுக்கினால் மூலை, அழுத்தியபடி இழுத்தால் வளைவு என்று ஒரு வரியில் எழுதிவிடலாம், ஆனால் எவ்வளவு இழுப்பது, எந்தப் பக்கம் இழுப்பது என்பதெல்லாம் இன்னொருவர் செய்வதைக் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தானே நாமும் கோலம் கற்றோம்.

அப்புறம் ஒரே இதழை வரைந்து 8 இதழ் தாமரையாகச் சுற்றி அடுக்குகிற வசதி இருக்கிறதே, அங்கே எனக்கு எழுத்துதான் வேண்டும். அந்தப் பெட்டியில் 17 வகைச் சமச்சீர், அது போக நகர்த்தல், அளவு, சுழற்சி என்று தனித்தனிப் பக்கங்கள், எங்கு பார்த்தாலும் எண்கள். வீடியோக்காரர் 45 என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். 360 பாகையை 8ஆல் வகுத்தால் 45, 12 இதழ் வேண்டுமென்றால் 30 போடு என்று நிதானமாகச் சொல்கிறவர்கள் குறைவு. எழுத்தாக இருந்தால் தேடி எடுக்கலாம், ரயிலில் நின்றபடி திரும்பப் படிக்கலாம்.

வீடியோ எந்த ஆண்டில் போட்டது என்று கட்டாயம் பார். 2020 மே மாதம் 1.0 பதிப்பு வந்தபோது செங்குத்து அளவை மேலிருந்து கீழாக எண்ணும்படி மாற்றினார்கள். அதற்கு முன் கீழிருந்து மேல். பழைய வீடியோவில் சொல்கிற எண்ணை அப்படியே போட்டால் படம் வேறெங்கோ போய் உட்காரும்.

உதவி மெனுவிலேயே பயிற்சிகள் இருக்கின்றன, எனக்கு அவைதான் ரொம்பப் பிடிக்கும். பாடமே ஒரு வரைபடமாகத் திறக்கும், படித்துக்கொண்டே அதிலுள்ள உருவங்களை இழுத்துப் பார்க்கலாம்.

சிங்கப்பூர் அரசின் பயிற்சித் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதம் போட்ட 4,000 வெள்ளியை நினைத்துக் கேட்டிருக்கிறாய் போல. அது குறிப்பிட்ட சில படிப்புகளுக்குத்தான் செல்லும், இதற்கு அது தேவையும் இல்லை, மென்பொருளே இலவசம்.

தமிழில் சொல்லித்தரும் வீடியோ தேடினால் கிடைக்கிறது, எழுதிய கையேடு அரிது என்பது எனக்குப் பெரிய குறை. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் இதில் நல்ல வழி காட்டியிருக்கிறது: சின்னச் சின்ன வீடியோ, தமிழ்க் குரல், பேசுவதெல்லாம் நேரக் குறிப்போடு எழுத்திலும். அதுபோல நீயும் கற்கக் கற்கத் தமிழில் எழுதி வை, செல்வி, உன் கையெழுத்திலானாலும் போதும். தாளைப் படமெடுத்து அனுப்பு, நான் தட்டச்சு செய்கிறேன். அக்கா மகளும் கற்க ஆசைப்படுகிறாள், அவளுக்கு முதலில் கொடுக்கலாம்.

அன்புடன்,
மாலா