வடசென்னை மருந்துக்கடைக்காரர்களுக்கு: ஆலிவ் கேப்சூல் டப்பாவைக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் மெடிக்கல் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்கிறவர். ஒன்பது வருடமாக சுகர். காலையும் ராத்திரியும் மெட்ஃபார்மின் போட்டுக்கொண்டு, பெரிய தொந்தரவு இல்லாமல்தான் இருந்தார்.

போன மழைக்காலத்தில் காலில் கெளுத்தி முள் குத்திவிட்டது. அம்மாவுக்கு இது புதிதில்லை, மஞ்சள் வைத்தால் ஒரு வாரத்தில் ஆறிவிடும். இந்தத் தடவை ஐந்து வாரமாகியும் ஆறவில்லை. ரத்தம் பார்த்தால் வெறும் வயிற்றில் 286. மூன்று மாத சுகர் சராசரி (HbA1c) 7.3 இருந்தது 10.4 ஆகிவிட்டிருந்தது. "மாத்திரை ஒழுங்காப் போடுறியாம்மா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சாமி படத்துக்குப் பின்னால் இருந்து பச்சை மூடி போட்ட ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

ஆலிவில் இருந்து எடுத்த, பாலிஃபீனால் என்ற தாவரப் பொருள் அடங்கிய கேப்சூல். அறுபது கேப்சூல், 1,800 ரூபாய். ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், கார்டுக்கு மாதம் ஒரு லிட்டர். அந்த ஒரு டப்பா காசுக்கு எங்கள் வீட்டுக்கு ஆறு வருட ரேஷன் எண்ணெய் வரும். வழக்கமாக வாங்கும் கடையில் "இது இயற்கை, சுகரை வேரோடு எடுத்துடும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் எதற்கு இங்கிலீஷ் மாத்திரை என்று அம்மாவே நிறுத்திவிட்டார். நிறுத்து என்று கடைக்காரர் சொல்லவில்லை, உண்மைதான். நிறுத்தாதே என்றும் ஒருவரும் சொல்லவில்லை. அந்தச் சொல்லாத ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடல்.

ஆலிவைக் குறை சொல்ல வரவில்லை. கோபம் தணிந்த பிறகு உட்கார்ந்து படித்தேன். அதில் சரக்கு இருக்கிறது. ஹைட்ராக்ஸிடைரோசால், ஒலியூரோபின் என்ற பொருட்கள் அந்தப் பாலிஃபீனால் கூட்டத்தைச் சேர்ந்தவை. நல்ல ஆலிவ் எண்ணெய்க்குக் கசப்பும் காரமும் தருவது அந்தக் கூட்டம்தான். 20 கிராம் எண்ணெயில் ஹைட்ராக்ஸிடைரோசாலும் அதைச் சார்ந்தவையும் 5 மில்லிகிராமாவது இருந்தால், ரத்தக் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் கெடாமல் காக்க உதவும் என்று எழுதிக்கொள்ள ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் அனுமதி கொடுத்தது. அந்த அனுமதி எண்ணெய்க்கு. பேச்சு கொழுப்பைப் பற்றி. சுகர் குணமாகும் என்று அதில் ஒரு வரி கூட இல்லை.

சுகர் பக்கம் என்ன இருக்கிறது என்று தேடினால், நியூசிலாந்தில் நடந்து 2013இல் வெளியான ஒரு ஆய்வு. உடல் எடை கூடிய நடுவயது ஆண்கள் 46 பேருக்கு ஆலிவ் இலைச் சாற்றை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் திறன் 15 சதவீதம் அளவுக்குக் கூடியது. நல்ல செய்திதான், மேலே ஆராய வேண்டியதுதான். ஆனால் ஒன்பது வருட சுகரோடு கூடை தூக்கும் பெண்ணின் மாத்திரைக்குப் பதிலாக அதை அந்த ஆய்வில் கொடுத்துப் பார்க்கவில்லை. ஆலிவ் எண்ணெய் நல்லது என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் ஸ்பெயின் ஆய்வில் 7,447 பேர் இருந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்ததாக 2013இல் எழுதினார்கள். ஆட்களைப் பிரித்த விதத்தில் கோளாறு தெரிந்து, 2018இல் திருத்தி மறுபடி வெளியிட்டபோதும் முடிவு பெரிதாக மாறவில்லை. அங்கே ஒரு பிரிவினர் வீட்டுக்கு வாரம் ஒரு லிட்டர் எண்ணெய் கொடுத்தார்கள். காய்கறி, பருப்பு, மீனோடு சேர்ந்த சாப்பாடு அது. கேப்சூல் இல்லை.

நாம் தூங்கும்போதும் கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். சுகர் வந்தவர்களுக்கு அது அளவு மீறிப் போகும். மெட்ஃபார்மின் அதைத்தான் பிடித்து வைக்கிறது. அந்தப் பிடி விட்டுப்போனதால்தான் அம்மாவுக்குக் காலையில் 286.

சட்டத்தை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். சுகரைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்பது 1954இலிருந்தே இருக்கிறது, வாயால் சொல்லும் அறிவிப்பையும் அந்தச் சட்டம் விளம்பரமாகவே எடுத்துக்கொள்கிறது. 'மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல' என்று டப்பாவிலேயே போட வேண்டும். போட்டுத்தான் இருந்தது, பொடி எழுத்தில், இங்கிலீஷில். அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

புகார் கொடுக்கலாமே என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஏரியாவில் டாக்டரிடம் போவதற்கு முன் உங்களிடம்தான் வருகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று அம்மாவின் மாத்திரையைக் கடனுக்குக் கொடுத்தவரும் உங்களில் ஒருவர்தான். நீங்கள் சொன்னால் அம்மா கேட்பார். நான் சொன்னால் கேட்பதில்லை.

அதனால் கேட்கிறேன். யார் இந்த மாதிரி டப்பா வாங்கினாலும், "சுகர் இருக்கா? என்ன மாத்திரை போடுறீங்க? அதை நிறுத்தக் கூடாது, தெரியுமில்ல?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அந்தப் பொடி எழுத்தை ஒருமுறை தமிழில் வாசித்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் செலவழிக்க முடியாது என்று தயங்குகிறவர்களிடம், 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து இலவசமாகத் தருகிறார்கள் என்று சொல்லுங்கள்.

இதைப் பெரிய தமிழ் எழுத்தில் அட்டையாக எழுதி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் வியாபாரம் முடிந்ததும், ராயபுரத்தில் ஆரம்பித்து டோல்கேட் வரை ஒவ்வொரு கடையாக வருகிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் கொடுங்கள். அம்மாவும் கூட வருகிறார், கட்டு இன்னும் பிரிக்கவில்லை, மெதுவாகத்தான் நடப்பார்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மகள்