யுரேனஸும் நம்ம டேன் ஏ பொசிஷனும்

டேய் முருகா,

உன் லெட்டர் போன வாரமே வந்துச்சு, பதில் போட இவ்ளோ நாளாயிடுச்சு, கோச்சுக்காத. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் நிம்மதியா இருந்துச்சு, சொட்டு மருந்த மட்டும் நேரம் தவறாம விடு.

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆன்லைன்ல என்னடா பண்றன்னு கேட்டல்ல, யுரேனஸோட காந்தப்புலத்த மாடல் பண்ணிட்டு இருக்கேன். நாசாவோட வாயேஜர் 2 விண்கலம் அனுப்புன டேட்டா ஃப்ரீயாவே கிடைக்குது. 1986 ஜனவரி 24, மேகத்துக்கு மேல 81,500 கிமீ தூரத்துல அது தாண்டிப் போச்சு, அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஒரு விண்கலமும் அந்தப் பக்கம் போகல.

நம்ம லேப்ல டிஃப்ளெக்‌ஷன் மேக்னெட்டோமீட்டர் ஞாபகம் இருக்கா, முள்ளு எவ்ளோ திரும்புதுன்னு வச்சு காந்தத்தோட பலத்த அளப்போமே? டேன் ஏ பொசிஷன்ல, அதாவது அதோட கைகளக் கிழக்கு மேற்கா வச்சு ரீடிங் எடுக்கும்போது உன் பாக்கெட்ல இருந்த சைக்கிள் சாவியால முள்ளு ஆடிட்டே இருந்துச்சே, அதே பிரச்சினை வாயேஜருக்கும் உண்டு, அதனாலதான் காந்தமானிய 13 மீட்டர் நீளக் கம்பத்துல மாட்டி உடம்ப விட்டுத் தள்ளி வச்சிருக்காங்க.

கஷ்டம் என்னன்னா அது போனது ஒரே ஒரு பாதை, அந்தப் பாதையில அளந்தத வச்சு முழு கோளோட புலத்தையும் சொல்லணும். காஸ்னு (Gauss) ஒரு கணித மேதை சொல்லிக் குடுத்த முறையில புலத்த அடுக்கடுக்கா பிரிக்கலாம், சாதாரண சட்டக் காந்தத்துக்கு 3 எண், அடுத்த அடுக்குக்கு 5, அதுக்கடுத்து 7. இதுல முதல் 8 எண் உறுதியா நிக்குது, அதுக்கு மேல போனா எண்ண மாத்தி மாத்திப் போட்டாலும் வாயேஜர் போன பாதையில அதே ரீடிங்தான் வருது, எது நிஜம்னு டேட்டாவால சொல்ல முடியல.

அந்த எட்டே போதும்டா அசந்து போக. காந்த அச்சு சுழல் அச்சுலேர்ந்து 59 டிகிரி சாஞ்சு கிடக்கு, காந்தத்தோட மையம் கோளோட மையத்த விட்டு ஆரத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு விலகி இருக்கு. பூமிக்கு சாய்வு 10 டிகிரி கூட இல்ல. கோளே படுத்துட்டு உருளுது, அதுல காந்தமும் இப்படிக் கோணலா இருக்கறதால கோளுக்குப் பின்னாடி நீளுற காந்தப்புலத்தோட வால் திருகாணி மாதிரி முறுக்கிக்குது.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வாங்க, இங்க அது சரிப்பட்டு வரல. வாயேஜர் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் சூரியக் காற்று, அதாவது சூரியன்லேர்ந்து வர்ற மின்துகள் ஓட்டம், பலமா அடிச்சு யுரேனஸச் சுத்தி இருக்கற காந்த மண்டலத்தையே நசுக்கியிருக்கு, அந்த மாதிரி நிலைமை 5 சதவீதத்துக்கும் கம்மியான நேரம்தான் இருக்குமாம், 2024ல வந்த ஆய்வு சொல்லுது. அத்தன வருஷமா நாம பாடமா படிச்சது அந்த நசுங்குன கோலத்த!

என்ன ரொம்ப பாதிச்சது இன்னொன்னு. வாயேஜர் கணக்குப்படி யுரேனஸ் தன்னத்தானே ஒரு சுத்து சுத்த 17 மணி 14 நிமிஷம் 24 செகண்ட். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியில பல வருஷம் துருவ ஒளியப் பாத்து 2025ல திருத்துனாங்க, 28 செகண்ட் கூட. நான் கணக்கு போட்டுப் பாத்தேன், பழைய கணக்குல கோள் திரும்பியிருக்கற கோணம் வருஷத்துக்கு 80 டிகிரிக்கு மேல பிசகுது, அப்ப சில வருஷத்துலயே காந்த துருவம் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாமப் போயிருக்கு, மேப் கையில இருந்தும் திசை இல்ல. இப்பதான் திரும்பக் கிடைச்சிருக்கு.

உங்க காலேஜ் லேப்ல அந்தப் பழைய மேக்னெட்டோமீட்டர் இன்னும் இருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்புடா, முள்ளு தெரியற மாதிரி.

அன்புடன்,
செல்வா